பெற்றோர் இருவரும் வரவும்

நெய்வேலி
12.1.2014

எழிலின் அப்பாவுக்கு,

இங்கே நானும் எழிலும் நலம். நீங்களும் நலம்தானே என்று எழுத வேண்டும். ராஜஸ்தான் குளிரில் உங்கள் முழங்கால் என்ன பாடுபடுகிறது என்று எனக்குத் தெரியாதா? நான் கொடுத்தனுப்பிய கம்பளிக் குல்லாய் தலையில் போட்டுக்கொள்வதற்கு, பெட்டியில் பூட்டி வைப்பதற்கல்ல.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. உடனே எழில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறாள். காகிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் அவள் காதில் விழாது.

பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்தில் ஓபன் ஹவுஸ். நம் காலத்தில் பெற்றோர் கூட்டம் என்றார்களே, அதேதான். பிள்ளைகள் செய்ததை எல்லாம் அவரவர் பெஞ்சில் பரப்பி வைப்பார்கள். அப்பா அம்மா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். "பெற்றோர் இருவரும் வரவும்" என்று சர்க்குலர் வந்திருக்கிறது. எழில் உங்கள் சுரங்கத்து மண்வெட்டும் மெஷினைச் சின்னதாகச் செய்துகொண்டிருக்கிறாள், சோடா மூடிகளைச் சக்கரத்தில் ஒட்டி.

நான் படித்தபோது எங்கப்பா இதற்காகத் தன்னோடு வேலை செய்த தெய்வசிகாமணி மாமாவிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொள்வார். ஒரு வருஷம் மாற்ற ஆள் கிடைக்காமல், சுரங்கத்திலிருந்து பூட்ஸோடு நேரே வந்தார். பெஞ்சு சின்னது. முழங்கால் இரண்டும் தாடையை இடிக்க உட்கார்ந்துகொண்டு, என் தையல் பூவை அவ்வளவு நேரம் பார்த்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மா. அவர் உட்கார்ந்த இடமெல்லாம் கரித்தூள். மறுநாள் நான் அதைத் துடைக்கவே இல்லை.

என்னைக் கேட்காமல் ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள், நான் வரமாட்டேன் என்றேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தக் கணக்கை நாம் தனியாகத் தீர்த்துக்கொள்வோம். இதற்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பிரபாவதி


19.1.2014

பிரபா,

கடிதம் கிடைத்தது. குல்லாய் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

லீவு கிடைப்பது கஷ்டம். இதை நீ நம்பமாட்டாய் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். நான் வந்தால் நம் குடியிருப்பு பிளாக் முழுக்க நம்மைத்தான் பார்க்கும். "எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்புறீங்க"ன்னு பக்கத்து வீட்டு இசக்கிமுத்து சம்சாரம் முதல் ஆளாகக் கேட்கும். நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன். குழந்தையின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நாம் முறைத்துக்கொள்வதற்கு, நான் வராமலிருப்பதே அவளுக்கு நல்லது.

எங்கப்பா ஒரு தடவைகூட வந்ததில்லை. "நான் அங்க வந்து இன்னா பேசறது? நீயே பாத்துகினு வாடா" என்பார். ஏழாம் வகுப்பில் வேறு ஒரு பையனின் அப்பா இடம் தெரியாமல் என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் படங்களை எடுத்துப் பார்த்து, "பலே, கை நல்லா வருதே" என்றார். அது என் பெஞ்சு என்று நான் சொல்லவே இல்லை. அவராக எழுந்து போகும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை. எழிலுக்கு முத்தம்.

சிங்காரவேல்


26.1.2014

எழிலின் அப்பாவுக்கு,

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இதை ஒரு நாள் என்னிடம் சொன்னதுண்டா நீங்கள்? உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறக்கும். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்பு சிங்காரவேலை எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது. மணி அடிக்கப் போகும்போது எங்கள் வகுப்பு வாசலில் வேண்டுமென்றே மெதுவாக நடப்பீர்கள். அந்தப் பையன் பெஞ்சருகே நின்றதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

ஒன்று கேட்கிறேன். எழில் பெஞ்சிலும் யாராவது இடம் தெரியாதவர் வந்து உட்காரட்டும் என்று விட்டுவிடலாமா?

நான் சண்டை போடமாட்டேன். பேசக்கூட மாட்டேன். இசக்கிமுத்து வீட்டு அக்காவை என்னிடம் விட்டுவிடுங்கள். "அவுகளுக்கு லீவு கெடைக்கலியோ?" என்று இப்போதே தினம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வாருங்கள். பிள்ளை கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்டால் நான் வருத்தப்படுவேனோ என்று அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
பிரபாவதி


9.2.2014

எழிலின் அப்பாவுக்கு,

சந்தோஷம். இனி இந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் வராது, இதைத் தவிர.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போய்விட்டேன். உங்களுக்குப் பிடித்த அரக்குப் புடவை. அந்தப் பைத்தியக்காரத்தனமும் செய்தேன். எழில் மெஷினைப் பற்றி விளக்கமாகச் சொன்னாள். என் காது அவளிடம், கண் வாசல் கேட்டில். ஒவ்வொரு பெஞ்சிலும் இரண்டிரண்டு பேர். எங்கள் பெஞ்சில் நான் ஒருத்தி. பக்கத்தில் இருந்த இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டேன்.

ஆறு மணி ஆவதற்குள் எழிலே என்னைக் கிளப்பிவிட்டாள். "நீ போம்மா, நான் இசக்கிமுத்து மாமாகூட வந்துடறேன்" என்றாள். நான் படும் அவஸ்தையைப் பார்த்துத்தான் அனுப்புகிறாள் என்று நினைத்து, குறுக்குப் பாதையில் அழுதுகொண்டே வந்தேன். ராத்திரி வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

உங்களுக்கு வர மனமில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. பிள்ளைக்கும் தெரிந்துபோயிற்று. இதற்கு மேல் கேட்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

பிரபாவதி


15.2.2014

பிரபா,

நான் வந்தேன்.

இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து பஸ் பிடித்து, சரியாக ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். ஆறு மணிக்கு வரச் சொன்னது எழில்தான். முந்தின வாரம் நீ கடைக்குப் போயிருந்தபோது போன் செய்து, உன்னிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நீயும் இருப்பாய் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். பெஞ்சில் யாருமில்லை. நான் வருவது தெரிந்து நீ முன்பே கிளம்பிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். கோபத்தில் அவளைக் கேட்டேன், "உங்கம்மா எங்க?"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுப்பா. முடிஞ்சு போயாச்சு. உங்களுக்கு செகண்ட் ஷிஃப்ட் போட்டிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல வந்தா சண்டை வரும்ல?"

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் முழங்காலும் தாடையை இடித்தது. அவள் உனக்குச் சொன்ன விளக்கத்தை எனக்கும் முதலிலிருந்து சொன்னாள். என் காதில் ஒன்றுமே ஏறவில்லை பிரபா. தலையை மட்டும் ஆட்டினேன்.

சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது போகிறவனும் வருகிறவனும் நேருக்கு நேர் நிற்போம். மெஷின் எப்படி இருக்கிறது, எங்கே சத்தம் வருகிறது என்று சொல்லித்தான் ஒப்படைப்போம். அடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்தக் குழந்தை நமக்கு அதைக்கூட வைக்கவில்லை. அந்த அளவுக்கு நம்மேல் அவளுக்குப் பயம்.

"வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பரீட்சை முடியட்டும்ப்பா" என்றாள். மந்தாரக்குப்பத்தில் தம்பி வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்பிவிட்டேன். அவளைத் திட்டாதே.

சிங்காரவேல்


22.2.2014

எழிலின் அப்பாவுக்கு,

திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

உங்கள் கடிதம் அரிசி டப்பாவின் மேல் கிடக்கிறது. சோறு வடிக்கும்போது ஒரு தடவை, பாத்திரம் கழுவிவிட்டு ஒரு தடவை என்று படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பெரிய ரோடு வழியாக வந்திருப்பீர்கள். நான் குறுக்குப் பாதையில் இறங்கியிருப்பேன். நாம் சண்டை போட்டுப் பிரிந்தது பெரிதாகத் தெரியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை அதற்குப் பழகி, அட்டவணை போட்டு நடத்தியதுதான் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ராஜஸ்தானுக்கு நான் வருவேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அதுவும் நிஜம்.

நேற்று தலை பின்னிவிடும்போது எழிலிடம் சொன்னேன், ஏப்ரலில் ரிசல்ட் அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் வருவோம் என்று. திரும்பாமலேயே கேட்டாள்.

"யாருக்கு எந்த ஷிஃப்ட்டும்மா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட்தான்டி."

அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அதை நம்பவைக்க என் ஒருத்தியால் முடியாது.

ஊருக்கு வந்ததும் நேரே வீட்டுக்கு வாருங்கள். இங்கிருந்து சேர்ந்தே நடந்து போவோம்.

பிரபா