உலர்ந்த சேலை ஒன்றைக் கையில் வைத்திருந்த குற்றம்

அனுப்புநர்
ந. தங்கராஜு,
இரண்டாம் கிராணி (தோட்ட எழுத்தர்),
செம்பாறைத் தோட்டம்,
கோலா பிலா.

பெறுநர்
தொழிலாளர் இலாகா அதிகாரி அவர்கள்,
சிரம்பான்.

பொருள்: குளிர் பற்றிய எச்சரிக்கை அறிவிப்பின்படி நடந்த தொழிலாளி மயிலம்மாள் காவலில் வைக்கப்பட்டிருப்பது, அவரை விடுவிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழில் தேர்வு எழுதித் தேறியவர் என்று அறிகிறேன். ஆகவே இம்மனு மொழிபெயர்ப்பாளர் எவர் கையிலும் சிக்காமல் தங்களிடமே வரட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

1. மழை நாளில் ரப்பர்ப் பால்மரம் சீவ முடியாது. அந்த நாட்களில் மரம் சீவுகிறவர்களை வடிகால் வெட்ட அனுப்புவது எங்கள் தோட்டத்து வழக்கம். சென்ற ஆண்டு நவம்பரில் பஞ்சாலை என்ற பெண் முழங்கால் தண்ணீரில் ஆறு மணி நேரம் நின்று வெட்டினார். உடம்பு வெடவெடக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் அவரை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பக்கத்தில் நின்று வெட்டியவர் மயிலம்மாள்.

2. இச்செய்தி லண்டனில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அவர்கள் கவலைப்பட்டார்கள். பத்து மாதம் கவலைப்பட்ட பின், குளிரில் வெளிவேலை செய்வோருக்கான அறிவுரைகளை அச்சிட்டு அனுப்பினார்கள். உறைபனி மூடிய ஏணியில் ஏறும்முன் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது முதல் அறிவுரை. எங்கள் தோட்டத்தில் இதுவரை எவரும் இதை மீறியதில்லை. மற்றவை இவை: தலையை மூடிக்கொள்க, உலர்ந்த மாற்றுடை ஒன்றை உடன் கொண்டு செல்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இனிப்புச் சேர்த்த சூடான பானம் அருந்துக, நடுங்குகிறவரைத் தனியே விடாதீர்.

3. நவம்பர் 5ஆம் நாள் தோட்டத்துத் துரை அவர்களின் உத்தரவுப்படி இது தமிழாக்கப்பட்டு, கண்ணாடிச் சட்டத்தில், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மாட்டப்பட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி காலைப் பெயர்ப்பதிவின்போது மூன்று நாள் உரக்கப் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். மயிலம்மாள் ஒருவர் மட்டும் நம்பினார்.

4. அவசரகாலச் சட்டத்தின்கீழ் நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி இருப்பதும், காலையில் ஒவ்வொருவரும் சோதிக்கப்பட்டே வேலைக்கு விடப்படுவதும் தாங்கள் அறிந்ததே. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு எதுவும் போய்ச் சேரக்கூடாது என்பதே நோக்கம். அதில் எனக்கு மாறுபாடில்லை. சர்க்கரை உணவு என்பதால் வேலிக்கு வெளியே போகக்கூடாது. சுக்கு மருந்து என்பதால் போகக்கூடாது. கூடுதல் துணி எவருக்கோ என்பதால் போகக்கூடாது. மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொள்ளும் சாக்கை, அதன் மடிப்பில் அரிசி இருக்கலாம் என்பதாலும், அடையாளக் கார்டிலுள்ள முகத்தோடு ஒப்பிட வேண்டியிருப்பதாலும் எடுத்துவிட வேண்டும். ஆக, லண்டனிலிருந்து வந்த அறிவுரைகளில் வேலிக் கதவைத் தாண்டக்கூடியது ஏணி ஒன்றுதான்.

5. நவம்பர் 19ஆம் நாள் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மயிலம்மாள் சோதனை வரிசையில் நின்றார். சாக்கை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். ஒன்றேகால் மணி நேரம் கொட்டும் மழையில் நின்ற பின் அவர் முறை வந்தது. மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு சேலையும், ஒரு போத்தல் சர்க்கரை போட்ட சுக்குக் காப்பியும் அவரிடம் இருந்தன. ஓர் உடம்புக்கு இரண்டு சேலை எதற்கு, காட்டில் இருப்பது யார் என்று வேலிக் காவல் சார்ஜன் கேட்டார்.

"நோட்டீசுல போட்டிருக்குங்க. நீங்களே போய்ப் பாருங்க" என்றார் மயிலம்மாள்.

சார்ஜன் மண்டோரைப் பார்த்தார். சன்னாசி தந்த விளக்கத்தை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்: "படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். அதும்படி நடக்கச் சொல்லி யாரும் சொல்லலீங்களே."

6. துரை அவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்கப்பட்டது. அறிவிப்பு என்பது அறிவுரை, கதவு என்பது சட்டம், இரண்டும் தனித்தனி இலாகா என்று பதில் வந்தது. காலைச் சாப்பாட்டின் நடுவே இவ்வளவு தெளிவாகச் சிந்திக்க எல்லோராலும் முடியாது.

7. மயிலம்மாள் அன்றே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். மறுநாள் நான் பார்க்கப் போனபோது, நனைந்த சேலையோடு சிமெண்டுத் தரையில் காய்ச்சலில் கிடந்தார். உலர்ந்த சேலையைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அது வழக்கின் சாட்சிப் பொருள், முத்திரை வைத்தாயிற்று, தொடக்கூடாது என்றார்கள். வேறு சேலை கொண்டுவருகிறேன் என்றேன். அப்படியானால் அவரிடம் மொத்தம் எத்தனை சேலைகள் என்று எழுதிக்கொள்ளப் பென்சிலை எடுத்தார்கள். நான் திரும்பிவிட்டேன். காப்பிப் போத்தலும் சாட்சிப் பொருளே. ஆனால் அது நிலையத்துக்கு வந்துசேர்ந்தபோது பாதிதான் இருந்தது. காவலர்களுக்கும் குளிரும் அல்லவா, அதைப் புகாராக எழுதவில்லை.

8. வருகிற செவ்வாய்க்கிழமை, 27ஆம் நாள் விசாரணை. நாடுகடத்தப் பரிந்துரை செய்யப் போவதாகப் பேச்சு. மயிலம்மாள் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். இந்தியாவில் எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று என்னிடம் கேட்டார்.

9. ஆகவே, இம்மனு கிடைத்தவுடன் அவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றவும், செவ்வாய்க்கிழமைக்கு முன் வழக்கைக் கைவிடச் செய்யவும் தாங்கள் எழுத வேண்டுகிறேன். அதற்கு வழியில்லையென்றால் குற்றவாளிப் பட்டியலையாவது முழுமையாக்க வேண்டுகிறேன். அந்த அறிவிப்பைத் தமிழாக்கியவன் நான். "கட்டாயம்" என்ற சொல்லை, நன்றாக இருக்கிறதென்று, நானாகவே இரண்டு இடத்தில் சேர்த்தேன். அவர் நம்பியது லண்டனை அல்ல, என் தமிழை.

10. அறிவிப்பு இன்றும் பெரட்டுக் களத்தில் மாட்டியிருக்கிறது. அதை எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்று தலைமை அலுவலகம் படிவம் அனுப்பிக் கேட்டிருக்கிறது. நிரப்புவது என் வேலை; புதன்கிழமைத் தபாலில் போக வேண்டும். எண்ணிக்கை என்ற இடத்தில் "ஒருவர்" என்று எழுதிவிட்டேன். அவர் தற்போது வேலை செய்யும் இடம் என்ற பத்தியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அதில் என்ன எழுதுவது என்பதைத் தங்கள் பதிலைப் பார்த்தே முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ந. தங்கராஜு

இடம்: செம்பாறைத் தோட்டம்
நாள்: 24.11.1951