வலி நோட்டில் இல்லாத பெயர்

வெள்ளிக்கிழமை பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மணிக்கட்டில் புஸ்ஸென்று அடித்துக்கொண்டாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. நாளெல்லாம் மெஷினில் உட்காருகிறவளாக இருக்கும். வலிக்கு அடிக்கும் அந்த ஸ்ப்ரேயின் வாடை, நம் மைதானத்தின் வாடை, பஸ் முழுக்கப் பரவியது. என் வீட்டுக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. நான் எழுந்து இறங்கி, வெயிலில் நடந்தே அருள்புரம் வந்து சேர்ந்தேன்.

மிஸ், அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்றைக்கு எழுதியே தீர வேண்டியதாகிவிட்டது. எட்டாவதோடு நின்றவள் நான். பாராயணப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் வேகமாக வாசிக்கப் பழகினேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்த புதிதில், நான் வாசலில் உட்கார்ந்து வீட்டுக் கணக்கு எழுதுவதை எட்டிப் பார்த்தீர்கள். பாலுக்கு ஒரு கட்டம், கேஸுக்கு ஒரு கட்டம்.

"எக்கா, இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். எங்க காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு வாங்க."

"நானாங்க? பந்து உருண்டையா இருக்கும்ங்கறது மட்டுந்தானுங்க எனக்குத் தெரியும்."

"அது போதும்க்கா. இங்க பாதிப் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது."

அப்படித்தான் நான் நான்காவது ஆளானேன். நீங்கள் கோச். சண்முகண்ணன் உதவிக் கோச். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஒருகாலத்தில் ஊர் டீமில் ஆடியவர். ரெஜினா கோல்கீப்பர்களுக்குச் சொல்லித் தருபவள்; உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். முதலிபாளையத்தில் பனியன் செக்கிங் வேலை முடித்து, தலைமுடியில் பஞ்சோடு மைதானத்துக்கு வருவாள். போட்டிப் படிவத்தில் உங்கள் மூவர் பெயருக்கும் கீழே, 'உடல்நலப் பொறுப்பு' என்று போட்டு என் பெயரை எழுதினீர்கள். ஒரு வேலையோடு சேர்த்து என் பெயரைக் காகிதத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் வேலை வலி நோட்டு. சாயங்காலம் பயிற்சி தொடங்குவதற்கு முன் பெண்கள் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' கிடையாது. எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். பெயர், இடம், எத்தனை நாள், ஐஸ் வைத்தாயிற்றா என்று நான் கட்டம் போட்டு எழுதுவேன். இருபது வயதில் நீங்கள் வலியை மறைத்து ஒரு ஃபைனல் ஆடியதில் முட்டி போய், உங்கள் ஆட்டமே முடிந்துபோனது. அதனால்தான் இந்த முறை. லீவு நாளில் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். வலி என்று சொன்னால் ஆள் மாற்றிவிடுவார்கள் என்று மறைத்தே பழகியவர்கள்.

"ஏட்டி, கெண்டைக்கால் எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க மிஸ்."

"அப்ப எதுக்கு கோழி மாதிரி ஒத்தக் கால்ல நிக்க? எக்கா, எழுதுங்க. மூணு நாள் ஓட்டம் கிடையாது."

ஒருத்தி, "எனக்கு மனசுதான் வலிக்குதுங்க மிஸ்" என்றாள். "அதுக்கு அக்கா நோட்டுல கட்டம் இல்ல. மைதானத்தை நாலு சுத்து சுத்து, சரியாப் போகும்" என்றீர்கள். சண்முகண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் கேட்டேன். "ஏனுங்க மிஸ், உங்களுக்கு எங்கீங்க வலிக்குது?" ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். பிறகு விசிலை ஊதிவிட்டீர்கள்.

கடைசி வருஷம் தாளாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை அரையிறுதிக்குப் போகாவிட்டால் டீம் கிடையாது, மைதானம் காலேஜ் வேன்கள் நிறுத்தும் இடமாகிவிடும். நீங்கள் அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எங்கள் மூவரிடம் மட்டும் சொன்னீர்கள். காலிறுதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாடிப்படி ஏறுகையில் பாதியில் நின்றீர்கள். இடது கையை வலது கையால் பிடித்திருந்தீர்கள்.

"என்னாச்சுங்க?"

"கை வலிக்கா. பந்து மூட்டையத் தூக்குனது."

மறுநாளும் அதே படியில் நின்றீர்கள். நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். பேனா மூடியைத் திறந்ததும் நோட்டின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்துவிட்டீர்கள்.

"இதுல என் பேரு வேண்டாம்க்கா. தாளாளர் காதுக்குப் போனா, கோச்சுக்கே உடம்பு முடியலன்னு சொல்லி இப்பவே மூடிருவாரு. மேட்ச் முடியட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க முருகன் மேல சத்தியம் பண்ணுங்க."

நான் செய்தேன். சஷ்டி விரதம் ஒன்றைக்கூட விடாதவள், முருகன் பேரைச் சொன்னபின் வாயைத் திறக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். மோர் கரைத்துக் கொடுத்தேன். கைக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். என் பிரார்த்தனையில் உங்களைச் சேர்த்துக்கொண்டேன். அது போதும் என்று நம்பினேன்.

காலிறுதி நாள் காலையில் எட்டு மணிக்கு வேன் வர வேண்டும். நான் பூஜையில் இருந்தேன். நீங்கள் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்றது. வழக்கம்போல நிற்கிறீர்கள் என்று நினைத்தேன். பாராயணத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. படித்தேன், மிஸ். இரண்டு பக்கத்தையும் படித்து, கற்பூரம் காட்டி, தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். நீங்கள் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கண் திறந்திருந்தது. டீமின் ஜெர்ஸிப் பை மடியில் இருந்தது. விபூதியோடு இருந்த என் விரலை உங்கள் மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை.

பிள்ளைகள் அன்று ஆடவில்லை. தாளாளர் மாலை போட்டார். அடுத்த மாதமே மைதானத்தில் ஜல்லி கொட்டினார்கள்.

உங்களை உங்கள் ஊர் மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கோவில்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியான வெயில். யாரும் டீயைத் தொடவில்லை. ரெஜினாதான் முதலில் உடைந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். மிஸ் நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறத நான் பாத்துட்டேன். பாத்ரூம்ல. எங்கப்பாவும் அதே மாத்திரைதான் வைப்பாரு. நெஞ்சுக்குன்னு எனக்குத் தெரியும். பைபிள்ள கை வைக்கச் சொல்லி, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

சண்முகண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. "நாந்தான் அம்மிணி அவங்களை வண்டியில டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது. இ.சி.ஜி எடுத்துப் பார்த்துட்டு, இன்னைக்கே கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. எம் பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. என்னுங்க பண்றது நானு?"

நான் கையையும் படியையும் பற்றிச் சொன்னேன்.

பிறகு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மிஸ். பத்து நாளும் ஒரே மைதானத்தில், ஒரே பெஞ்சில், தோளுக்குத் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, மற்ற இருவரிடமிருந்து அதை ஒளித்து வைத்திருந்தோம். டாக்டர் சீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தால் முருகன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சத்தியத்தை உடைத்திருப்பேன். அந்தக் கைவலியைப் பற்றித் தெரிந்திருந்தால் ரெஜினா உங்களைத் தூக்கிக்கொண்டே ஓடியிருப்பாள். நீங்கள் ஒரே வலியை மூன்றாகக் கிழித்து, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, அவரவர் சாமியையும் பிள்ளையையும் காவல் வைத்துவிட்டீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம். செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்க வைத்தவர் நீங்கள். என் கேள்விக்கு மட்டும் விசில் ஊதினீர்கள். அதைவிடப் பெரிய கோபம் என் மேல். அந்த நோட்டில் எல்லாருடைய சுளுக்கும் இருக்கிறது. ஒருத்தியின் கால் நகம் பெயர்ந்ததுகூட இருக்கிறது.

அந்த டீக்கடைக்குப் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து உட்காரவே இல்லை. சண்முகண்ணன் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். ரெஜினா கம்பெனி மாறிவிட்டாள்.

உங்கள் அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் செய்வார். என் சாப்பாடு, மழை, வெயில் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் அதே கேள்வி. "எம் மவ கடைசில எதாச்சும் சொன்னாளாம்மா? எங்கயாச்சும் வலிக்குன்னு?" இல்லீங்கம்மா என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இல்லீங்கம்மா. அது சத்தியத்தைக் காப்பது இல்லை, என்னைக் காத்துக்கொள்வது என்று எனக்கே தெரியும்.

இன்றைக்கு போன் வந்தபோது விளக்கின் முன்னால் நின்று, "உன் பேர்ல சொன்னதை மீறப் போறேன், தண்டனை எதுவானாலும் குடு" என்று முருகனிடம் சொல்லிவிட்டு எடுத்தேன். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. கைவலியைச் சொன்னேன். நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரையைச் சொன்னேன். டாக்டர் எழுதிய சீட்டைச் சொன்னேன். அந்த இரண்டு பக்கத்தையும் சொன்னேன். மூன்று துண்டையும் சேர்த்து ஒருவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் அழவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பெத்தவ எனக்கு மட்டுந்தான் தெரியல. அப்படித்தானம்மா?"

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். உங்களுக்காகப் பேசியிருக்கலாம், எங்களுக்காகவும் பேசியிருக்கலாம்.

"ஆமாங்கம்மா" என்றேன்.