தங்கம் உருவிய பவளங்கள்

ஊருக்கு நர்சம்மாவாகவும் எனக்குப் பவளக் கூட்டாளியாகவும் இருந்த என் மதினிக்கு,

கிடைத்துவிட்டது மதினி! நீங்கள் போன ஆடியிலிருந்து ஒரு மணிகூட வாங்காமல் கிடந்தவள், இந்தச் செவ்வாய்க்கிழமை முப்பத்தொரு பழைய பவளங்களோடு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நானே பார்த்து, நானே நம்பி வாங்கியவை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் இரண்டு பேரில் கண் நீங்கள், வாய் நான். சோழவந்தான் ஆஸ்பத்திரியில் உங்களிடம் வருகிற பெண்களே, "நர்சம்மா, எங்க வீட்டுல ஒரு பழைய பவளம் கெடக்கு, குடுக்கணும்" என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறுவோம். "நீ பேசு, ஆனா மூஞ்சியில சந்தோசத்தக் காட்டிராத" என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும். ஒரு தடவையாவது காட்டாமல் இருந்திருக்கிறேனா?

செவ்வாய்க்கிழமை காலையில் மிஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் நகைப் பட்டறை வைத்திருக்கும் நம் செல்வம் போன் போட்டான்.

"அக்கா, ஒரு பவளச் சரம் வந்துருக்கு. ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு பக்கமும் தங்கப் பூணு. உருக்கத்தான் குடுத்துருக்காக. பவளத்த ஒடச்சாத்தான் பூணு கழலும். சுத்தியல எடுத்துட்டேன், மனசு வரல."

"ஒடச்சிராதய்யா! இந்தா வாரேன்!"

ரவிக்கை ஒற்றைக் கையோடு மிஷினிலேயே கிடக்க, ஆனையூர் முக்கில் ஆட்டோவைப் பிடித்தேன். சிம்மக்கல் நெரிசலில் வண்டி நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதியில் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தேன். நடந்தேன் என்பது பொய், ஓடினேன். இந்த முழங்காலோடு!

பட்டறை பெஞ்சில் தாயும் மகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். தாய் பாண்டியம்மா, சோழவந்தானுக்கு மேற்கே கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் பார்ப்பவர். மகள் திவ்யாவுக்குச் சென்னையில் கம்பெனி வேலை, தையில் கல்யாணம். பழைய சரத்தை உருக்கிப் புது ஆரம் செய்ய வந்திருந்தார்கள்.

சரத்தைக் கையில் வாங்கினேன். அவ்வளவுதான் மதினி, நீங்கள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பறந்துபோனது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன்.

"இம்புட்டுப் பழைய பவளத்த இனி எங்க போயி வாங்குவீக? ஒவ்வொண்ணும் கையால தேச்சது. பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா? இதப் போயி ஒடைக்கிறதா?"

திவ்யா எழுந்து வந்தாள். சரத்தை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, கழுத்தில் வைத்துக்கொண்டு, பட்டறைக் கண்ணாடியில் பார்த்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இத உருக்க வேணாம். எனக்கே இருக்கட்டும்."

"நேத்து வரைக்கும் கெழவி மாலைன்னு சொன்ன?"

"நேத்து எனக்குத் தெரியாதுல்ல."

கைக்கு வந்தது போச்சு. செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "வாங்க வந்த ஆளு நீங்களே யாவாரத்தக் கெடுத்துட்டீகளேக்கா!" ஆனால் அந்தப் பிள்ளையின் கழுத்தில் அது உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தபின் என்ன பேச முடியும்? சுத்தியலிலிருந்து தப்பித்ததே, போதும் என்று கிளம்பப் பையை எடுத்தேன்.

அப்போதுதான் பாண்டியம்மா மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார்.

"அக்கா, அப்ப இதையும் ஒருக்காப் பாருங்க. இதுல தங்கம் இல்ல. மழைத் தண்ணி நின்னு கொடிக்கால் அழுகிப்போன வருசம், இடையில கோத்திருந்த தங்கக் குண்ட மட்டும் உருவி வித்துப்புட்டோம். மணிய அந்தக் கடைக்காரரு வேணாம்னுட்டாரு. தூக்கிப்போட மனசு வரல, வச்சிருக்கேன்."

என் உள்ளங்கையில் கொட்டினார். மதினி, எனக்கு வாயே வரவில்லை. எனக்கு! நிலக்கடலை அளவு நீண்ட மணிகள், நடுவில் புடைத்து இரண்டு முனையிலும் ஒடுங்கி, பழுத்த மிளகாய் நிறம். அந்தச் சரத்தில் இருந்தவற்றைவிடப் பெரியவை, நிறத்திலும் ஒரு படி மேல்.

உடனே பயம் பிடித்துக்கொண்டது. கண்ணாடியோ? சாயம் ஏற்றிய எலும்போ? பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். உங்கள் இடத்தில் செல்வத்தின் தராசுதான் இருந்தது. நீங்கள் இருந்தால் என் கையில் ரகசியமாக ஒரு கிள்ளு போதும், ஆமாவா இல்லையா என்று தெரிந்துவிடும். இப்போது யார் கிள்ளுவது?

பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு மணியைத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சீவிவிட்ட முடி மாதிரி, நீளவாக்கில் அத்தனை மெல்லிய கோடுகள். ஒரு குமிழி இல்லை. துளைகளைப் பார்த்தேன். இரண்டு பக்கமிருந்தும் கையால் துளைத்து, நடுவில் கொஞ்சம் கோணலாகச் சந்திக்கிற துளை. எந்த மிஷினும் அப்படிப் போடாது. முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன்.

"பவளந்தான்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்தச் சரத்த விட இது ஒசத்திம்மா. மொதல்ல உங்க மக பாக்கட்டும். அதுக்கு வேணும்னா அதுவே வச்சுக்கிரட்டும்."

திவ்யா சிரித்தாள். "எனக்கு இது போதும். அத ஆன்ட்டிக்கே குடும்மா. ஓடி வந்து காப்பாத்துனவங்க."

"தங்கமில்லாததுக்கு நான் என்னத்தக் கேக்க?" என்றார் பாண்டியம்மா. பக்கத்துச் சந்தில் பவளம் விற்பவரிடம் செல்வத்தை விட்டே விலை கேட்டு, அந்த விலையைக் கொடுத்தேன். என் வாயும் அன்றைக்குப் பேரம் பேசவில்லை.

அங்கிருந்து நேராக அண்ணனிடம் போனேன். உங்களுக்குத் தெரியாது மதினி, நீங்கள் போனபிறகு அவர் வாசலைத் தாண்டுவதே இல்லை. பால் வாங்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான். நாம் கிளம்பும்போதெல்லாம் "கல்லு பொறுக்கப் போயிட்டாளுக" என்று கேலி பேசிய மனிதர், இப்போது டி.வி. முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மடியில் ஒரு தட்டை வைத்து மணிகளைக் கொட்டினேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். ஒரு மணியை எடுத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவ இருந்தா என்ன சொல்லிருப்பா?"

"மொதல்ல என்னியத் திட்டிருப்பாக, அந்தச் சரத்த விட்டதுக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார் மதினி! வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருசமாகப்போகிறது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது எங்கே போகிறாய் என்றார். பாண்டியம்மாவின் தங்கச்சி அழகர்கோவில் போகிற வழியில் இருக்கிறார், அவரிடமும் ஒரு முடிச்சு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றேன்.

"எத்தன மணிக்குப் பஸ்ஸு?"

"நீயாண்ணே வார?"

"ஏன், நான் வந்தா பவளம் ஒடஞ்சிருமா?"

இன்றைக்குச் சனிக்கிழமை. சற்றுமுன் போய்ப் பார்த்தேன். நாளைக்குப் போடுகிற சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்திருக்கிறார். கவலைப்படாதீர்கள் மதினி. ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன், வெயிலுக்கு முன்னால் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பேன். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவரைத் தனியாக வீட்டில் விடமாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
ராஜாத்தி