படிவத்தில் உங்கள் கையெழுத்து

அன்புள்ள மாமாவுக்கு,

முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா?

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்து போனதில் கரு தங்கிவிட்டது, பத்து வாரம். என் இதயம் தாங்காது, கலைத்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர்.

விடுதி அறையில் ஒரே பட்டிமன்றம். தையல் கம்பெனியில் பார்க்கும் வேலைதான் இங்கே எங்களுக்குப் பெயர். தொழுகை தவறாத பொத்தான் அக்கா சொல்கிறாள்: "நூத்தியிருவது நாள்லதான் உசுரு ஊதப்படுதுன்னு மார்க்கம் படிச்ச எங்க ஆலிம்கள் நெறைய பேரு சொல்றாங்க. தக்க காரணம் இருந்தா அதுக்கு முந்தி கலைக்கலாம்னுவாங்க, கூடாதுன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா தாய் உசுருக்கு ஆபத்துன்னா தாய்தான் முதல்ல."

ஜெபக்கூட்டத்துக்குப் போகும் இஸ்திரி அக்கா சீறுகிறாள்: "உண்டான நிமிஷமே அது கர்த்தர் குடுத்த பிள்ளைடி! நாள் பாக்க இது என்ன பால் பாக்கெட்டா?" சண்டை முடிந்ததும் எனக்குக் கஞ்சி ஆற்றித் தருவதும் அவள்தான்.

"எனக்குச் சாக இஷ்டமில்ல" என்றேன். பட்டிமன்றம் அதோடு கலைந்தது.

ஆஸ்பத்திரி அதைக்கூடக் கேட்கவில்லை. கணவன் கையெழுத்து வேண்டுமாம். ஆயிரம் சட்டை தைக்க என் கை போதும். என் உடம்புக்கு மட்டும் போதாது.

படிவம் உள்ளே இருக்கிறது. கூடவே ஒரு போர்வையும் அனுப்புங்கள், இங்கே குளிர்கிறது. ஷிப்ட் மணி அடித்துவிட்டது. அத்தையிடம் யோசனை கேட்காதீர்கள், நீங்களும் யோசிக்காதீர்கள். நான் யோசித்துவிட்டேன்.

உங்கள் மனைவி