அரஃபாவில் திரும்பிப் பார்த்தவன்

786
மக்கா, 14.8.1954

அன்புத் தங்கச்சி குர்ஷித்துக்கு அண்ணன் அப்துல் ஹமீதின் சலாமும் துஆவும்.

எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். இந்த வருஷம் ஹஜ் எனக்கு நிச்சயம் என்றேனா இல்லையா? கப்பலில் அத்தனை பேரும் வாந்தி. நான் ஒருத்தன்தான் கப்பல்காரனுக்குத் திசை காட்டினேன். என் அரபியைக் கேட்டு அரபிக்காரர்களே மலைத்துவிட்டார்கள்.

இப்போது உட்கார்ந்து படி. அரஃபா மைதானத்தில் உன் மகன் ரஷீத் அஹமதைப் பார்த்தேன்! எல்லாருக்கும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான். முதலாளி யார், கூலி யார், தெரியாது. ஆனால் அவன் நகக்கண்ணில் நம்மூர் ஆவாரம்பட்டைக் கறை! தோல் ஊறவைத்த கை ஒளியுமா? "டேய் ரஷீது!" என்றேன். "மாமு!" என்று கட்டிக்கொண்டான். வீட்டை விட்டு ஓடும்படி அத்தா அடித்ததை மறந்துட்டானாம். "அம்மா கையால சாப்பிடணும் மாமு, வர்றேன்னு சொல்லு" என்றான். அதற்குள் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

கப்பல் இறங்கி ஹாஜிகள் தங்கும் பம்பாய் முசாபர்கானாவில் இருப்பேன், அங்கே பதில் போடு.

ஹாஜி அப்துல் ஹமீத்

ஆம்பூர், 5.9.1954

அண்ணனுக்கு குர்ஷித்தின் சலாம்.

உங்கள் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். பள்ளிகொண்டா ரோட்டில் சிறுத்தையைச் செருப்பால் விரட்டினீர்களே, அதையும்தான். ஆனால் ஹஜ்ஜுக்குப் போனவர் பொய் எழுதுவாரா? இதை முழுசாக நம்பினேன்.

அவன் போனதிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் ஒன்றைத்தான் கேட்டேன்: உயிரோடு இருக்கிறானா? இப்போது நன்றி சொல்லி நோன்பு வைக்கிறேன். தினமும் மெட்ராஸ் வண்டிக்கு ஸ்டேஷன் போகிறேன். எதிர்வீட்டுப் பூவம்மாள், "இன்னாக்கா, இன்னிக்காவது வந்துருவானா?" என்று கூடவே வருகிறாள். திருப்பத்தூரில் மகள் கூப்பிடுகிறாள். எப்படிப் போவேன்? அவன் வந்து பூட்டின கதவைப் பார்த்தால்?

ஒன்று மட்டும் எழுதுங்கள். இளைத்திருந்தானா?

குர்ஷித்

பம்பாய், 24.9.1954

தங்கச்சி,

இளைத்திருந்தானா என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் என்னால் ஏதாவது அளந்துவிட முடியும். பேனா நகரவில்லை.

இஹ்ராம் வெள்ளைத் துணியைக் களைந்த பிறகுதான் அந்தக் கடிதம் எழுதினேன். அது சமாதானம் ஆகாது, தெரியும்.

நான் கூப்பிட்டது நிஜம். முதுகு அச்சாக ரஷீதுதான். திரும்பினான். வேறு முகம், எந்த நாட்டுப் பிள்ளையோ. என் அரபி அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அங்கேயே கையேந்தி உன் பேரையும் உன் மகன் பேரையும் சொல்லி அழுதேன். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் கையேந்தி, "ஆமீன்" என்றான். அதுவும் நிஜம்.

வியாழக்கிழமை மெட்ராஸ் வண்டியில் வருகிறேன். இறங்கப்போவது நான் ஒருத்தன்தான். நோன்பை என் மேல் கோபத்தில் முறித்துவிடாதே. உயிரோடு இருக்கட்டும் என்றே வை.

கறையும், "மாமு" என்றதும் நானாகச் சேர்த்தது.

அப்துல் ஹமீத்