ஒரு பக்கம் தீட்டிய கத்தி

ஐப்பசி 9, ஞாயிறு

விடியும் முன்பே மழை. பால் வெட்டு இல்லை. ரப்பர் மரம் நனைந்தால் பால் மரத்தில் கட்டிய சிரட்டைக்கு வராது, பட்டை முழுக்க வழிந்து வீணாகும்.

மடக்குக் கத்தியின் வில் உடைந்துவிட்டது. பாக்கு வெட்டும்போது தானாக மடங்கி ஆட்காட்டி விரலைக் கடித்தது. துணி சுற்றியிருக்கிறேன். புதுசு வாங்க வேண்டும். இன்றைக்குத் தெரணியகலைச் சந்தை.

வேண்டியது:
மடியில் செருகினால் வெளியே தெரியக் கூடாது.
ஒரு கையால் திறக்க வேண்டும். மற்றக் கையில் எப்போதும் பால் வாளி.
அலகு ஆடக் கூடாது.
தொலைந்தால் அழ வேண்டாத விலை.

மடங்காத கத்தி வேண்டவே வேண்டாம். மேல்லயத்து மாரிமுத்து அப்படி ஒன்றை மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான். எழும்பும்போது சாரம் இடுப்பிலிருந்து முட்டிவரை கிழிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் கொண்டக்டர் டிக்கட் காசு கேட்டான். "எந்தக் கையால குடுக்க?" என்று இவன். பஸ் முழுக்கச் சிரிப்பு.

எங்கே விட்டேன். தங்கச்சி விஷயம் எழுத வந்தேன்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி பரமேஸ் கிராம சேவகரிடம் (இனி கி.சே.) கையெழுத்து வைக்கிறாள், புருஷன் செத்துவிட்டான் என்று. போன வருஷம் வைகாசி மழையில் கீழ்லயத்து வரிசை வீடுகளின் மேல் மண் இறங்கியது. அவள் புருஷன் சிவலிங்கமும் அவன் தாயும் உள்ளே. தாயைத் தோண்டி எடுத்தோம். அவன் கிடைக்கவில்லை. பதினேழு மாதம். தாலியைக் கழற்ற மாட்டேன் என்றே இருந்தாள். அவளும் மகளும் இப்போது தகரக் கொட்டிலில். தலைக்கு மேல் இன்னொரு மண்மேடு. மரணச் சான்றிதழ் இருந்தால்தான் புது வீட்டுப் பட்டியலில் பெயர். வெள்ளியோடு பட்டியலை மூடுகிறார்கள். மழையும் தொடங்கிவிட்டது. ஒருவழியாகச் சம்மதித்தாள். அன்றைக்கே ஆற்றங்கரையில் காரியம். சாட்சிக் கையெழுத்து நான்.

பின்நேரம்.

சந்தையில் புதுக் கத்தி ஒரு தட்டு நிறைய. பளபளப்பு. பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்தேன். காதோரம் வைத்து ஆட்டினால் கிலுகிலுப்பை. முதுகைப் பலகையில் வைத்து அழுத்தினேன், பூட்டு விட்டுக்கொடுத்தது. கீழே வைத்துவிட்டேன்.

பழைய இரும்பு விற்கிற சிங்கள ஐயா, சாக்குக்கு அடியிலிருந்து வேறொரு தட்டை இழுத்தார். ஆணி, கீல், நாதாங்கி, நடுவில் ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, பித்தளைத் தலை.

"மேக்க கன்ன. ஹொந்த யக்கட" என்றார். இதை எடு, நல்ல இரும்பு என்று.

ஆட்டினேன், சத்தமில்லை. அழுத்தினேன், மடங்கவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தேன், அலகுக்கும் பிடிக்கும் இடையில் மயிரளவு கோடு. துருப்பிடித்த ஆணிகளோடு இப்படி ஒரு கத்தி எப்படி? கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும். பிடியில் பெருவிரல் தேய்த்த பள்ளம் என் கைக்குச் சரிவரவில்லை. விளையாட்டாக இடது கைக்கு மாற்றினேன். அப்படியே பொருந்தியது.

ஐப்பசி 10, திங்கள்

மழை. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அட்டைக் கடி மூன்று. ஒன்று காதுக்குப் பின்னால்.

சவர்க்காரக் கட்டையை இரண்டாக வெட்டினேன். கத்தி நேராக இறங்கவில்லை, வலப்பக்கம் ஓடியது. பாண் ரொட்டியை வெட்டினேன். அதுவும் அப்படியே. ஒரு ஓரம் தடிப்பு, ஒரு ஓரம் காகிதம்.

வீட்டுக்காரி சரோஜா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னாங்க இது? சிவலிங்கண்ணே வெட்டுன மாதிரி கோணிக்கிட்டுப் போவுது."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில்.

கத்தியை வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் தீட்டியிருக்கிறது. மற்றப் பக்கம் தட்டை.

இதை எழுதி வைக்க வேண்டும். பால் வெட்டுகிற கத்தியை ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டுவோம். அந்தப் பழக்கத்தில் புதுசாக வேலைக்கு வருகிறவன் வீட்டுக் கத்தியையும் அப்படியே தீட்டிக் கெடுப்பான். பொஞ்சாதி ஏசினால் திருந்துவான். சிவலிங்கம் திருந்தவே இல்லை. அதிலும் அவன் நொட்டாங்கை. எங்களுக்குச் சரிவு வலப்பக்கம், அவனுக்கு இடப்பக்கம். பரமேஸ் கறி வெட்ட எங்கள் வீட்டுக்குக் கத்தி இரவல் வாங்க வருவாள்.

இதில் சரிவு இடப்பக்கம்.

ஐப்பசி 11, செவ்வாய்

தூறல். சரோஜா சொல்கிறாள், "ஒலகத்துல நொட்டாங்கை அவரு ஒருத்தரா? சும்மா கெடங்க." நியாயம்.

மண்ணிலிருந்து யாரோ தோண்டி எடுத்து விற்றிருக்கலாம் என்று மனதைத் தேற்றினேன். நிற்கவில்லை. அங்கே மூன்று மாதம் கிடந்த, கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்தியை நானே எடுத்தேன். எறும்பு தின்ற கருப்பட்டி போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. இதில் ஒரு புள்ளி துரு இல்லை. கீலை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

விளிம்பில் விரலைத் தடவினால் பிசிறு தட்டுகிறது. தீட்டியதும் வருகிற பிசிறு. நாலு நாள் பாவித்தால் போய்விடும்.

இன்னொன்று. பிடியின் வயிற்றுக்குள் ஈர்க்கை விட்டுக் கிளறினேன். ரப்பர் பால் நூலொன்று வந்தது. பழைய நூல் கறுத்து, இழுத்தால் அறுந்துவிடும். இது வெள்ளை. இழுத்தேன், நீண்டது. விட்டேன், சுருங்கியது.

நாளைக்கு ஐயாவிடமே கேட்க வேண்டும்.

ஐப்பசி 12, புதன்

பால் வெட்டு பாதி நாள். பத்து மணிக்கு மழை. சாப்பிட்டுவிட்டுத் தெரணியகலைக்குப் போனேன். பழைய இரும்பு ஐயாவின் வீடு பாலத்துக்குப் பக்கத்தில். வீடு முழுக்க உடைந்த தையல் மெஷின். பதினொன்று எண்ணினேன். அவருக்கு ஒரு மகள்கூட இல்லை.

கத்தி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். சிங்களத்தில் சொன்னார், இங்கே தமிழில் எழுதுகிறேன். "நான் வாங்கவே இல்லை. சனிக்கிழமை சாமான் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் வந்து தட்டில் வைத்தான். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். உங்கள் தோட்டத்து ஆட்கள் இங்கே வருவார்களா என்று கேட்டான். வருவார்கள் என்றேன். திரும்பிப் போய்விட்டான். கூப்பிட்டேன், நிற்கவில்லை."

"முகம் எப்படி?"

"தலையில் உரப்பை போட்டிருந்தான். முகம் தெரியவில்லை. முட்டிவரை செம்மண்."

"எந்தக் கையால வச்சாரு?"

ஐயா யோசித்தார். காற்றிலே ஒரு கத்தியை வைத்துப் பார்த்தார். இடது கை.

தேத்தண்ணி தந்தார். அவர் மனைவி நான் போகும்வரை வாசலுக்கு வரவில்லை.

ஐப்பசி 13, வியாழன்

காலையில் பரமேசின் கொட்டில். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பரமேஸ் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள். கத்தியைத் திறந்து பாயில் வைத்தேன்.

கீரை கையிலிருந்து விழுந்தது.

"எங்க கெடச்சிச்சு?"

"சந்தையில."

"மண்ணுக்குள்ளருந்து எடுத்ததா?"

"மண்ணுல கெடந்த மாதிரி இல்லம்மா. இப்பத் தீட்டுனது."

தகரத்தில் மழை. பிறகு சொன்னாள்.

"அண்ணே, அன்னிக்கு அவரு உள்ள இல்ல. நான் பாலு நிறுக்கிற கொட்டகையில நிக்கிறேன். மண்ணு எறங்குது. பாத்தா, அவரு ரோட்டுல நிக்கிறாரு. ஒத்தையா. மாமி உள்ள. கத்திக் கூப்புட்டேன். என்னையத் திரும்பிப் பாத்தாரு. அப்பிடியே காட்டுக்குள்ள எறங்கிட்டாரு."

"உள்ள இருந்தாருன்னு நீதானே எல்லாருக்கும் சொன்ன?"

"பொறகு என்னா சொல்ல? படுக்கையில கெடந்த பெத்தவள விட்டுட்டு ஓடுனாருன்னா?"

"வந்தானா அதுக்குப் பொறகு?"

"ஆளக் காணல. கொட்டிலுக்குப் பின்னால ரெண்டு மூணு தடவ வெறகு கெடந்துச்சு. எல்லாம் கோணலா வெட்டுனது. புள்ளைக்குக் காச்ச வந்தப்ப பெரிய கட்டு. ஈர நேரம், காலடி ஒண்ணுகூடக் கெடக்கல."

"மனுசந்தானான்னு ஒரு தடவயாச்சும் கேட்டியா?"

"கேக்கல. கேட்டா பதில் வந்துரும்ல."

"அப்ப நாளைக்கு?"

கீரையைப் பொறுக்கத் தொடங்கினாள். "நேரத்தோட வாங்க. உசுரோட இருக்குறவரு வாசலால வரட்டும்ணே. வாசலால வராத ஆளுக்காக எம் புள்ளைய இந்த மேட்டுக்குக் கீழ படுக்க வைக்க முடியாது."

ஐப்பசி 14, வெள்ளி

கி.சே. அலுவலகம். வரிசை. முன்னால் நின்ற பெண்ணின் பையில் கோழிக்குஞ்சு, கீச் கீச். கி.சே. நல்ல மனுஷன், தமிழில் கேட்டார். "கடைசியா அவரைக் கண்டது எங்க?"

"வீட்டுக்குள்ள" என்றாள் பரமேஸ். குரல் ஆடவில்லை.

என்னைப் பார்த்தார். "நீங்களும் அப்பிடித்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க" என்றேன். மடியில் கத்தி. கையெழுத்து வைத்தேன். என் பெயரில் நாலு எழுத்து. நாலையும் விடாமல் எழுதினேன்.

பிறகு ஆற்றங்கரை. உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஆள் செய்தார் பூசாரி. பரமேசை மலைப்பக்கம் திரும்பி மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அதோடு சரி, இனி அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. பதினேழு வருஷம் வாழ்ந்தும் அவன் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன்.

மேலே காட்டுக்குள் கொத்துகிற சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டதும் நின்றுவிட்டது.

"மரங்கொத்தி" என்றான் மாரிமுத்து. யாரும் அவனைக் கேட்கவில்லை.

தாலி கழற்றியாயிற்று. மகள் அழுதாள். பரமேஸ் அழவில்லை.

ஐப்பசி 15, சனி

வெயில். எட்டு நாளில் முதல் தடவை. என் மரங்களை வெட்டி முடித்துவிட்டு, மேல்மலைக்கு ஏறினேன். மண் இறங்கிய பிறகு அதை மூடிவிட்டார்கள். சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. யாரும் வெட்டுவதில்லை. நாடாவுக்குக் கீழே குனிந்து போனேன்.

முதல் வரிசை சும்மா கிடக்கிறது. பாசி. இரண்டாம் வரிசையில் நின்றுவிட்டேன்.

வெட்டியிருக்கிறது. இன்றைக்கு. சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டு இருக்கிறது.

எங்கள் வெட்டு இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சரியும். எந்தத் தோட்டத்திலும் அப்படித்தான். சிவலிங்கத்துக்கு அது கைக்கு எதிர். வந்த புதிதில் தன் வசத்துக்கு நாலு மரம் வெட்டி, கங்காணியிடம் பேச்சு வாங்கி, பிறகு வாழ்நாள் முழுக்க எங்கள் பக்கமே வெட்டினான். இங்கே வெட்டு மறுபக்கம் சரிகிறது. பழைய பட்டைக்கு அந்தப் பக்கம், புதுப் பட்டையில். சுத்தமான வெட்டு. ஒரு மரத்தில்கூடக் காயம் இல்லை. ஏசுவதற்கு ஆளில்லாத வெட்டு.

எண்ணினேன். முப்பத்தாறு மரம். சருகில் காலடி இல்லை. சருகில் எப்படி இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

யாரோ பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. "மச்சான்" என்று நாக்கு வரை வந்தது. நேற்று நான் வைத்த கையெழுத்து. நாக்கை மடக்கிக்கொண்டேன்.

செத்தவனின் சாமானும் சரி, உயிரோடு இருப்பவனின் சாமானும் சரி, எனக்குச் சொந்தமில்லை. கத்தியை மடக்கி, கடைசி மரத்தின் அடியில் ஒரு கல்லில் வைத்தேன். வைத்துவிட்டு, "புள்ள நல்லா இருக்கா. வீடு கெடைக்கும்" என்றேன். மரத்திடம் சொன்ன மாதிரி. பிறகு திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

சரோஜா கத்தி எங்கே என்றாள். தொலைந்துவிட்டது என்றேன்.

ஐப்பசி 16, ஞாயிறு

வெயில். சந்தைக்குப் போகவில்லை. மேலே போனேன்.

கல்லில் கத்தி இல்லை. நேற்றைய வெட்டில் பால் காய்ந்து கிடந்தது. புது வெட்டு இல்லை. மழைத்தண்ணி தேங்கக் கூடாது என்று, ஒரு மலையை ஒரேயடியாக விட்டுப் போகிறவன் போகும்போது சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். எங்களில் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முப்பத்தாறு சிரட்டை. முப்பத்தாறும் கவிழ்த்து.