மாடி, முன்வரிசை, கதவோரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் நண்பரின் மனைவி எழுதுகிறேன். அவர் உங்களுக்கு எழுதும் கடிதங்களின் அடியில் ‘அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று ஒரு வரி சேர்ப்பதோடு இத்தனை காலமும் என் பங்கு முடிந்துவிடும். இன்று தாள் முழுக்க என்னுடையது. அவர் கடைக்குப் போயிருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதிவிடலாம்தான், பேனா நகர மாட்டேன் என்கிறது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை ஒழுங்காக எழுத வராது. ரசிகர் குழுவில் அத்தனை பேர் பார்க்க, அவர் ஒட்டிச் சேர்த்துப் போட்ட பழைய கச்சேரிப் பதிவுக்குக் கீழே ‘இது கச்சேரி இல்ல, கத்தி தீட்டுற கடை’ என்று போட்டீர்களே, அதை அவருக்குத் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? அன்றிலிருந்து இந்த வீட்டில் உங்கள் பேச்சே கிடையாது. தப்பித்தவறி வந்தாலும் ‘அந்த முன்வரிசைக்காரன்’தான். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் நீங்கள்.

அந்தக் கச்சேரியைப் பற்றி எனக்கு இப்போது உங்களைவிட நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். ப்ளவுஸ் தைக்கத் தெரிந்த எனக்கு ப்ளூஸ் தெரியாது என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இன்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று சொல்வேன். ப்ளூஸ் பாடும் அந்தக் கிதார்க்காரப் பெரியவர் நம் ஊருக்கு வந்தது அந்த ஒரே தடவை. நீங்கள் இருவரும் கோட்டுக்குள் டேப் ரிக்கார்டரை ஒளித்துக்கொண்டு போய், நீங்கள் முன்வரிசையிலும் இவர் மாடியிலும் உட்கார்ந்தீர்கள். முறையாக யாருமே பதிவு செய்யவில்லை. பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம், யாரோ ஒரு ரசிகர் கதவோரம் நின்று எடுத்த மூன்றாவது கேசட் வேறு கிளம்பி வந்தது. அன்று பிடித்தது சனி.

மூன்றையும் சேர்த்து ஒரே கச்சேரியாக்குகிறேன் என்று உட்கார்ந்தார். உங்கள் கேசட்டில் மத்தளம் போல டிரம்ஸ் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. பாதியில் பேட்டரி இறங்கியதால், இப்போது போட்டால் பெரியவர் குழந்தைக் குரலில் அவசர அவசரமாகப் பாடுகிறார். இவருடைய மாடிப் பதிவில் கிதார் சுத்தம், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி. கதவோரத்தில் குரல் தெளிவு, நல்ல இடம் வரும்போதெல்லாம் கதவு கிறீச்சிடும். இவர் ஒன்றின் வேகத்தை இன்னொன்றோடு பொருத்தி, ஒரு வரிக்கு இதையும் அடுத்த வரிக்கு அதையும் எடுத்து ஒட்டினார். என் தையலில்கூட அவ்வளவு நேர்த்தி இருக்காது, அண்ணா. முதலில் செய்து முடித்ததைக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

விடவில்லை. ‘திரை போட்டு மூடின மாதிரி இருக்கு, திரையை விலக்கணும்’ என்றார். விலக்கினார். மறுபடியும் மங்கல் என்றார், மறுபடியும் விலக்கினார். ஒவ்வொரு தடவையும் சத்தம் இன்னும் கூர்மையாகிக்கொண்டே போனது. மகள் வந்திருந்தபோது ஆசையாகப் போட்டுக் காட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சமையலறைக்கு வந்து ‘அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு, காதுல ஊசி குத்துதே’ என்றாள். நான் அப்போதும் அதை ரசனைக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

பிறகு நான் அடுப்புக்கு ஒரு மணிக்கருவி வாங்கினேன், நேரமானால் கீச் கீச்சென்று கூப்பிடும். அடுப்பில் கேக்கை வைத்துவிட்டு, அது கூப்பிட்டதும் எடுக்கச் சொல்லிவிட்டுத் துணி கொடுக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை. அவர் மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘இது அடிக்கவே இல்ல, ஓட்டை சாமான்’ என்று கடையில் சண்டை போட்டு வேறு வாங்கி வந்தார். அதுவும் அடிக்கவில்லையாம். மூன்றாவதை வாங்கி வந்த அன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன். அது கத்திக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார்.

அன்றைக்கு நான் அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதலில் செய்ததையும் கடைசியாகச் செய்ததையும் அடுத்தடுத்துக் கேட்டேன். நீங்கள் எழுதியதில் பொய் இல்லை. அந்தத் திரை கேசட்டில் இல்லை, அண்ணா.

சொல்லாமல் இருப்பேனா? காது டாக்டரிடம் போகலாம் என்றேன். ‘எனக்கு ஒண்ணும் இல்ல, நீதான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுற’ என்றார். என் தொண்டையைப் பரிசோதிக்க வேண்டும் என்று மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். இவர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். எழுத்துப் பலகையை எட்டிப் பார்த்துக்கொண்டே ‘அச்சுதான் சரியில்ல’ என்று அடம்பிடிப்பவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சிரி சிரியென்று சிரிப்பார். அதையே திருப்பிச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

போன வாரம் நானும் அவரும் தெருவைக் கடக்கும்போது சைக்கிளில் வந்த பெண் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஒதுங்கப் போய் விழுந்தாள். முழங்கை சிராய்ப்போடு போனது. ‘மணி அடிச்சிட்டு வரக் கூடாதா’ என்று அவளையே திட்டினார் இவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

சைக்கிள், கேக் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். இப்போதெல்லாம் நான் அவரிடம் முக்கியமான விஷயத்தை மட்டும்தான் பேசுகிறேன். அற்ப விஷயத்தை யார் மூன்று தடவை சொல்வது? சிரிப்பதற்காகச் சொன்னதை மறுபடி உரக்கச் சொன்னால் அது சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியே ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். மாலையில் இருவரும் ஒரே அறையில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது அவசரம் ஒன்று வந்திருக்கிறது. பெரியவரின் மகள், அப்பாவின் கச்சேரியைக் கேட்க ஆசைப்படுவதாக இவருக்கு எழுதியிருக்கிறாள். இவர் கடைசியாகச் செய்ததை அனுப்பப் போகிறார். அந்தப் பெண் மரியாதைக்கு நன்றி எழுதிவிட்டு, இரண்டாம் தடவை போட மாட்டாள். முதலில் செய்ததை நானே திருட்டுத்தனமாக அனுப்பிவிடலாம், அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மனம் வரவில்லை. அது அவர் கையால் போக வேண்டிய சாமான்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். நான் சொன்னால் பெண்டாட்டி நச்சரிப்பு, மகள் சொன்னால் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும். டாக்டர் சொன்னால் காசு பிடுங்குகிறான் என்பார். உங்களிடம் கோபம்தான், ஆனால் நீங்கள் எழுதிய அந்த வரியை மறக்காமல் இருக்கிறார். உங்கள் காது பொய் சொல்லாது என்று இன்றைக்கும் நம்புகிறார், அதனால்தான் அவ்வளவு வலி.

இன்னொன்று, எழுதலாமா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். நீங்கள் இரண்டு காதிலும் கருவி வைத்துக்கொண்டிருப்பதாக அண்ணி சொன்னார்கள். ரசிகர்கள் யாருக்கும் தெரியக் கூடாதென்று, போட்டோ எடுக்கும்போது கழற்றிவிடுகிறீர்களாம். அண்ணியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், என் புலம்பல் தாங்காமல் சொன்னது. அது வந்த பிறகுதான் மனுஷன் மறுபடி பாட்டுக் கேட்கிறார் என்றும் சொன்னார்கள். நான் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு தடவை வாருங்கள், அண்ணா. சண்டை போடத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் சரி. அவருடைய காதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். உங்களுடையதைக் கழற்றி அவர் முன்னால் மேசைமேல் வைத்தால் போதும். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். கூடப் பிறந்தவள் கேட்டால் செய்வீர்கள் இல்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றைக்கு வருகிறீர்கள் என்று எங்கள் மகளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். நான் வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பேன். வாசலில் மணியை அடித்துவிட்டு நின்றுகொண்டிருக்காதீர்கள், அன்று முழுவதும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

உங்கள் இருவரின் நலம் வேண்டும்,
தங்கை